கிட்னி கட்டிக்குத் துளை ஆபரேஷன்: என்ன சிக்கல் வரலாம் என்று முன்கூட்டியே கணிக்க முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக அறுவை வார்டில் செவிலியராக இருக்கிறேன், பிறந்து வளர்ந்தது மண்டபம். ராமேஸ்வரம், தங்கச்சிமடம், உச்சிப்புளி, கீழக்கரை, தொண்டி என்று கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் என் பேச்சை வைத்தே ஊரைக் கண்டுபிடித்து, "சிஸ்டர், டாக்டர் சொன்னது ஒண்ணும் புரியல, நீங்க சொல்லுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். கிட்னியில் புற்றுநோய்க் கட்டி, வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பியிலோ ரோபோவிலோ எடுக்கலாம் என்று சொல்லியிருப்பார்கள். ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிடுமா என்பதுதான் எல்லாருக்கும் இருக்கும் கேள்வி.

அதைக் கணிக்க ஒரு முறை இருக்கிறது. கணிப்பதும் முடிவெடுப்பதும் சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும்தான், ஆனால் அவர்களுக்குத் தேவையான பாதித் தகவல் உங்கள் வீட்டுப் பீரோவிலும் பிளாஸ்டிக் பையிலும் கிடக்கிறது. ஃபைல் தூக்கி அலையும் மகனோ மகளோ மருமகனோ, அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"சின்னத் துளைதானே" என்ற நினைப்பை மட்டும் முதலிலேயே விட்டுவிடுங்கள். தோலில் விழும் காயம்தான் சின்னது. உள்ளே கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு அடைத்து, கட்டியை வெட்டி எடுத்து, வெட்டிய இடத்தைத் தைத்து, கிளிப்பை எடுக்க வேண்டும், கட்டியை மட்டும் எடுப்பதாக இருந்தால் கிளிப் போட்டதிலிருந்து அதை எடுப்பது வரை சுமார் 25 நிமிடத்துக்குள் முடிவது நல்லது. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டு கிட்னிக்கும்தான் போகிறது, அதனால் இங்கே ரத்தக்கசிவு என்றால் அது சாதாரணக் கசிவாக இருக்காது.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதலில் உடம்பு, அப்புறம் கட்டி. நிறையப் பேர் கட்டியின் அளவைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே ஆரம்பிக்கிறார்கள். உடம்பு தாங்காது என்று தெரிந்தால், சின்னக் கட்டியாக இருந்தால் கொஞ்ச காலம் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பது, ஊசி செருகிச் சுட்டு அழிப்பது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. அப்போது கட்டிக்குப் போட்ட கணக்கெல்லாம் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

1. பழைய காகிதங்களைத் தேடி எடுங்கள்

இதுவரை நடந்த எல்லா ஆபரேஷன்களின் டிஸ்சார்ஜ் சம்மரியும் வேண்டும். பித்தப்பை, குடல்வால், கர்ப்பப்பை, குடும்பக் கட்டுப்பாடு, கிட்னி கல், எதுவாக இருந்தாலும் சரி. ஒருமுறை திறந்த வயிற்றில் குடல் உள்சுவரோடு ஒட்டியிருக்கலாம், முதல் துளை போடும்போதே குடலில் பட வாய்ப்பு உண்டு. முன்பே தெரிந்தால் சர்ஜன் துளை போடும் இடத்தை மாற்றுவார், அல்லது வயிற்றுக்குள் போகாமல் முதுகுப் பக்கமாகப் போவார்.

கல் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வெயிலில் கடலில் கிடந்து தண்ணீர் சரியாகக் குடிக்காத நம் ஆட்களில் கல் வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள், "அது இருபது வருஷத்துக்கு முன்னாடி சிஸ்டர்" என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அதே பக்கக் கிட்னியில் முதுகு வழியாகத் துளை போட்டுக் கல் எடுத்திருந்தால், அந்த இடம் முழுவதும் தழும்பாக இறுகியிருக்கலாம். இருபது வருடமானாலும் தழும்பு இளகாது. காகிதம் கிடைக்காவிட்டால் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டச் சொல்லுங்கள், தயக்கமே வேண்டாம்.

2. மாத்திரைப் பட்டியல் எழுதுங்கள், எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்

வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் அப்படியே கொண்டு வாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து தரும் பிரஷர், சுகர் மாத்திரைகளும் அதில் சேர்த்தி. "கவர்மெண்ட் மாத்திரைதான், வேற ஒண்ணும் சாப்பிடல" என்பார்கள், அதில் என்ன இருக்கிறது என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

தனியாகக் குறிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசிட்ரோம். இதில்தான் புதிதாக வருகிறவர்கள் இரண்டு பக்கமும் தப்பு செய்கிறார்கள். சிலர் சொல்லவே மாட்டார்கள், சிலர் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வருவார்கள். சமீபத்தில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அப்படி நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து ஆபரேஷனுக்கு முன்பே மாரடைப்பு வரலாம். எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை இதய டாக்டரும் சர்ஜனும் பேசி எழுதித் தர வேண்டும். வாய்வார்த்தையாக வாங்காதீர்கள், தேதி போட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டு, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற வகைச் சுகர் மாத்திரைகள். இவற்றை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் பட்டினி இருக்கும்போது சுகர் அளவு சாதாரணமாகவே தெரியும், உள்ளே ரத்தத்தில் அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். இதையும் டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

மூன்று, நாட்டு மருந்து. கோபித்துக்கொள்வார்களோ என்று மறைக்கிறார்கள். யாரும் கோபப்பட மாட்டோம், பொட்டலத்தோடு கொண்டு வாருங்கள். சில மருந்துகள் கிட்னியைப் பாதிக்கும், சில ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். தெரிந்தால் அதற்கேற்ற ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம்.

3. உடம்பு தாங்குமா என்று பாருங்கள்

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றுவார்கள். அது உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரலுக்கு இடம் குறையும், ரத்தத்தில் அந்த வாயு கலந்து அதை வெளியேற்ற நுரையீரல் கூடுதலாக உழைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து மணிக்கணக்கில் செய்யும் ஆபரேஷன் இது. அதனால்தான் எக்கோ, மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் நுரையீரல் ஊதும் பரிசோதனை எல்லாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூச்சு வாங்காமல், நிற்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறதா? முடியவில்லை என்றால் அதை அப்படியே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். போன மாதம் வரை ஐஸ் பெட்டி தூக்கியவர் இப்போது படகிலிருந்து கரைக்கு வரவே திணறுகிறார் என்றால் அந்த மாற்றம் பெரிய தகவல், எக்கோ அறிக்கையில் ஒரு வரியாக வருவதை விடப் பெரியது.

பீடியை மறைக்காதீர்கள். நான்கு வாரமாவது முன்னால் நிறுத்தினால் நுரையீரல் சிக்கல் குறைகிறது, காயமும் ஒழுங்காக ஆறுகிறது. கடைசி நாள் இரவு நிறுத்தியதை "விட்டுட்டாரு" என்று சொல்லாதீர்கள்.

ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள். பாசி எடுக்கப் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் ரத்தசோகையோடுதான் வருகிறார்கள், கைவசம் ரத்தம் குறைவாக உள்ளவருக்குக் கொஞ்சம் கசிந்தாலும் ரத்தம் ஏற்ற வேண்டி வரும். ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து பையன்கள் ஒரு வேன் நிறைய வருவார்கள், மனசுக்கு நிறைவாக இருக்கும், ஆனால் ஆபரேஷன் அன்று காலையில் வந்து இறங்குவார்கள். பரிசோதித்து முடிக்க நேரம் வேண்டும், முந்தின நாட்களிலேயே வந்துவிடச் சொல்லுங்கள்.

4. மிச்சக் கிட்னியின் பலத்தைக் கணக்கெடுங்கள்

கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்து "நார்மல்தான்" என்று மூடி வைக்கும் தப்பைப் படித்தவர்களும் செய்கிறார்கள். அந்த எண்ணை வயதோடும் ஆணா பெண்ணா என்பதோடும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவது ஈ.ஜி.எஃப்.ஆர்., கிட்னி ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் அளவு. இப்போது வழக்கத்தில் உள்ள 2021 சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: கிரியேட்டினின் 1.3 உள்ள 35 வயது ஆணுக்கு 73 வரும், அதே 1.3 உள்ள 68 வயதுப் பெண்ணுக்கு 45தான் வரும். ஒரே எண், ஆனால் அந்த அம்மாவின் கிட்னி ஏற்கெனவே தளர்ந்துபோய்தான் இருக்கிறது.

இதை இப்போதே பார்க்கக் காரணம், ஆபரேஷன் நடுவே ரத்தம் நிற்காமல் முழுக் கிட்னியையும் எடுக்க வேண்டி வந்தால் மிச்சம் ஒன்று தாங்குமா என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் டி.டி.பி.ஏ. ஸ்கேன் எடுத்து இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பார்கள்.

5. ஸ்கேன் படம் பதிந்த சி.டி. தட்டையும் கொண்டு வாருங்கள்

சுருட்டிய ஃபிலிமும் இரண்டு பக்க அறிக்கையும் போதாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டால் முழுப் படத்தையும் சி.டி.யிலோ பென் டிரைவிலோ பதிந்து தருவார்கள். ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில வெட்டுகள்தான் இருக்கும், சர்ஜனுக்கு மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தி அளந்து பார்க்க வேண்டும். இது இல்லாமல் வந்து, ஒரு சி.டி.க்காகத் திரும்ப ராமநாதபுரம் போய் வந்தவர்களை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். போக வர இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.

அறிக்கையில் "கான்ட்ராஸ்ட்" என்ற மருந்தை ஊசியில் ஏற்றி எடுத்ததா, எத்தனை கட்டமாக எடுத்தது என்று பாருங்கள். மருந்து ஏறியதும் எடுக்கும் படத்தில் ரத்தக்குழாய்கள் தெரியும், கொஞ்சம் கழித்து எடுப்பதில் கட்டி தெளிவாகப் பிரிந்து தெரியும், கடைசியில் எடுப்பதில் கிட்னிக்குள்ளேயே சிறுநீர் சேரும் பை தெரியும். முதல் கட்டம் இல்லையென்றால் கிட்னிக்கு எத்தனை தமனி போகிறது என்று தெரியாது. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும், ஒன்றை மட்டும் கிளிப் போட்டுவிட்டு வெட்டினால் இன்னொன்று வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும்.

6. கட்டிக்கு ஸ்கோர் போடுவதைப் புரிந்துகொள்ளுங்கள்

பெரிய கட்டி என்றால் பெரிய ஆபத்து என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அளவை விட இருக்கும் இடம் முக்கியம் என்பதை எண்ணாக்கிக் காட்டுவதுதான் ரீனல் ஸ்கோர். 2009 முதல் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண்.

குறுக்களவு 4 செ.மீ. வரை என்றால் 1, அதற்கு மேல் 7-க்குள் என்றால் 2, 7 அல்லது அதற்கு மேல் என்றால் 3.

கிட்னியை விட்டு எவ்வளவு வெளியே துருத்தியிருக்கிறது? பாதியோ அதற்கு மேலோ வெளியே என்றால் 1, பாதிக்கும் குறைவு என்றால் 2, முழுக்க உள்ளே புதைந்திருந்தால் 3.

கிட்னிக்குள் சிறுநீர் சேரும் அந்தப் பைக்கு எவ்வளவு பக்கம்? 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி என்றால் 1, நான்குக்கும் ஏழுக்கும் இடையில் என்றால் 2, 4 மி.மீ. அல்லது குறைவு என்றால் 3. இங்கே 3 வந்தால் வெட்டும்போது அந்தப் பை திறந்துகொள்ள வாய்ப்பு கூடும், பின்னால் சிறுநீர் கசிவும் வரலாம்.

கிட்னியின் மேல் முனையிலோ கீழ் முனையிலோ முழுக்க ஒதுங்கியிருந்தால் 1, முனைப் பகுதி முடியும் கோட்டைக் கொஞ்சம் தாண்டினால் 2, பாதிக்கு மேல் தாண்டியிருந்தாலோ நடுப்பகுதியிலேயே இருந்தாலோ 3.

கூட்டிப் பாருங்கள்: 4 முதல் 6 வரை எளிது, 7 முதல் 9 வரை நடுத்தரம், 10 முதல் 12 வரை கடினம். முன்பக்கமா பின்பக்கமா என்பதற்கு மதிப்பெண் இல்லை, எழுத்து மட்டும் போடுவார்கள், அது எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்ய. பெரிய ரத்தக்குழாய்களைத் தொட்டுக்கொண்டிருந்தால் கூடவே ஒரு ஹெச் சேரும். அந்த ஹெச் இருந்தால் கட்டாயம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஒரு உதாரணம். 5 செ.மீ. கட்டி, பாதிக்கு மேல் வெளியே, பையிலிருந்து 8 மி.மீ. தள்ளி, கீழ் முனையில்: 2, 1, 1, 1, மொத்தம் 5. இன்னொருவருக்கு 3.8 செ.மீ. கட்டிதான், ஆனால் பாதிக்கு மேல் உள்ளே, பைக்கு 3 மி.மீ. பக்கத்தில், நட்ட நடுவில்: 1, 2, 3, 3, மொத்தம் 9. சின்னக் கட்டிக்காரர்தான் சர்ஜனுக்கு அதிகம் வேலை வைப்பார். "எங்களுக்குச் சின்னதுதான்" என்று நிம்மதியாகப் படுத்தவருக்கு ஆபரேஷன் நீண்டுபோனால், வெளியே காத்திருக்கும் குடும்பம் உடைந்துபோகிறது, அந்த முகங்களைப் பார்க்கிறவள் என்பதால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

இந்த மதிப்பெண்ணை நீங்களாகப் போட்டு முடிவெடுக்க வேண்டாம். சர்ஜனிடம் "ரீனல் ஸ்கோர் எவ்வளவு டாக்டர், எந்தக் கேள்விக்கு அதிகம் வந்தது?" என்று கேளுங்கள். மொத்தத்தை விட, எதில் 3 வந்தது என்பதுதான் எந்தச் சிக்கலை எதிர்பார்ப்பது என்று சொல்லும்.

7. கட்டியைச் சுற்றி இருப்பதையும் பாருங்கள்

ஸ்கோர் 5 வந்தும் ஆபரேஷன் தடுமாறலாம். கிட்னியைச் சுற்றியுள்ள கொழுப்பு சிலருக்கு எளிதில் உரிந்து வராமல், வேகாத சவ்வு மாதிரி கிட்னித் தோலோடு ஒட்டிக் கிடக்கும். அதை உரிக்கும்போதே ரத்தம் கசியும், நேரம் கூடும். ஆண்கள், உடல் பருத்தவர்கள், வயதானவர்களிடம் இது அதிகம்.

இதற்கும் ஸ்கேனில் கணக்கு உண்டு, மேப் ஸ்கோர் என்பார்கள், 0 முதல் 5 வரை. கிட்னிக்குப் பின்னால் கொழுப்பு எத்தனை செ.மீ. தடிமன், அதற்குள் இழை இழையாகக் கோடுகள் ஓடுகின்றனவா என்ற இரண்டை மட்டும் பார்ப்பது. கோடுகள் அதிகம், தடிமன் 2 செ.மீ. தொட்டுவிட்டது என்றால் 5.

பக்கமும் முக்கியம். வலது என்றால் ஈரலும் முன்சிறுகுடலும் பெரிய சிரையும் பக்கத்தில் இருக்கின்றன. இடது என்றால் மண்ணீரலும் கணையத்தின் வாலும். மேல் முனைக் கட்டிக்கு நுரையீரல் உறை வரை கவனம் வேண்டும். கட்டி சிரைக்குள் நீண்டிருந்தால் அது வேறு ஆபரேஷன், இந்தக் கணக்குகள் அதற்குப் பொருந்தாது.

8. "எத்தனை பர்சென்ட்?" என்று கேட்காதீர்கள்

எந்தச் சிக்கலின் பர்சென்ட் என்று சேர்த்துக் கேட்டால்தான் பதிலுக்கு அர்த்தம் உண்டு. ஆபரேஷனுக்குப் பின் வரும் சிக்கல்களை, சரிசெய்ய என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை வைத்து க்ளாவியன் டிண்டோ என்ற முறையில் ஐந்து படியாகப் பிரிப்பார்கள். முதல் படி, காய்ச்சல் மாத்திரையோடு போய்விடுவது. இரண்டாவது, ரத்தம் ஏற்றுவது போன்றவை. மூன்றாவது, குழாய் வைப்பது, மறுபடி தியேட்டருக்குப் போவது. நான்காவது ஐ.சி.யூ., ஐந்தாவது உயிரிழப்பு. முதல் இரண்டு படி எவ்வளவு, மூன்றும் அதற்கு மேலும் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

இன்னும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த ஸ்கோரில் உள்ள கட்டிகளை நீங்கள் எவ்வளவு நாளாகச் செய்கிறீர்கள்? எது நடந்தால் துளையை விட்டுத் திறந்த ஆபரேஷனுக்கு மாறுவீர்கள்? எது நடந்தால் முழுக் கிட்னியையும் எடுப்பீர்கள்? நல்ல சர்ஜன் இதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்வார். திறந்த ஆபரேஷனுக்கு மாறுவதை நம் ஆட்கள் தோல்வி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரத்தம் நிற்காதபோது சரியான நேரத்தில் திறப்பதுதான் உயிரைக் காப்பாற்றுவது.

9. நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்

இதை எழுதாமல் விட மனசில்லை. "வாப்பாக்கு கேன்சர்னு தெரியாது சிஸ்டர், நீங்களும் சொல்லிராதீங்க" என்று வராந்தாவில் வைத்துக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது, என் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். ஆனால் முழுக் கிட்னியும் போகலாம் என்று கையெழுத்துப் போடப்போவது அவர்தான். கொழுப்புக் கட்டி என்று நம்பி உள்ளே போனவர், கண் விழிக்கும்போது கிட்னி இல்லை என்று தெரிந்தால் அதற்குப் பிறகு நாங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார், மூச்சுப் பயிற்சி செய்ய மாட்டார், எழுந்து நடக்க மாட்டார். படுத்தே கிடந்தால் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். மறைப்பதும் ஒரு சிக்கலை வரவழைப்பதுதான். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

10. தேதி குறிப்பது

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாளில் வைத்துக்கொள்ளலாமா என்று கடலுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஏனென்றால் ஆபரேஷனுக்குப் பின் பல வாரம் கனம் தூக்கக் கூடாது. 4 செ.மீ.க்குள் இருக்கும் கட்டி பெரும்பாலும் மெதுவாக வளர்வது, சில வாரம் காத்திருக்கச் சர்ஜன் சம்மதிக்கலாம். பெரிய கட்டி, சிரையைத் தொட்ட கட்டி, சிறுநீரில் ரத்தம் போகிறது என்றால் தடைக்காலத்தைப் பார்க்காதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதாக இருந்தால் அனுமதி வர ஆகும் நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குத் திட்டம் போடுங்கள்

டிஸ்சார்ஜ் ஆனதும் கணிப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் நான் பார்த்ததிலேயே ஆபத்தான தப்பு. கட்டியை மட்டும் எடுத்தவர்களில் சிலருக்கு, தைத்த இடத்தில் தமனி பலூன் மாதிரி உப்பி, நாட்கள் கழித்துத் திடீரென்று வெடித்துக் கசியும். அபூர்வம்தான், ஆனால் வரும்போது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் வரும், அப்போது ஆள் வீட்டில் இருப்பார். மதுரையில் வீடு இருப்பவருக்கு அது அரை மணி நேரப் பிரச்சினை. ராமேஸ்வரத்துக்காரருக்கு பாம்பன் பாலம் தாண்டி சுமார் 170 கிலோமீட்டர்.

ஒருமுறை தீவிலிருந்து ஒரு தம்பி இரவு பத்து மணிக்கு வார்டுக்குப் போன் செய்தார். அப்பாவுக்குக் காலையிலிருந்தே சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது, சூடு என்று நினைத்து இளநீர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ரத்தம் உறைந்து கட்டிகட்டியாக வர ஆரம்பித்த பிறகுதான் பயந்திருக்கிறார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு அந்தத் தமனியை அடைத்து ஆள் பிழைத்துக்கொண்டார், கிட்னியும் தப்பியது. ஆனால் அந்தப் பகல் முழுக்க வீணாகிவிட்டது.

அதனால் ஸ்கோர் அதிகம் வந்தவர்கள், தீவிலோ சாயல்குடி, மூக்கையூர் பக்கமோ இருப்பவர்கள், முடிந்தால் டிஸ்சார்ஜுக்குப் பிறகு சில நாள் மதுரையிலோ ராமநாதபுரத்திலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். கிளம்பும் முன் தமனியை அடைக்கும் அந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் இரவிலும் நடக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிவந்த சிறுநீர், விலாவில் புதிதாக வலி, தலைசுற்றல், வியர்த்துக் கொட்டுவது, காய்ச்சல், வயிறு உப்பி வாந்தி: இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போதே எங்கள் வார்டுக்கும் போன் போடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு நகல் எடுத்து, அதன் மேல் பெரிய எழுத்தில் ரத்த வகை, எந்தப் பக்கக் கிட்னி, ஆபரேஷன் தேதி, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை மறுபடி ஆரம்பித்த தேதி, வார்டு நம்பர் எல்லாம் எழுதி வீட்டு வாசற்கதவின் பின்னால் ஒட்டிவிடுங்கள். இரவில் கரண்ட் இல்லாத நேரத்திலும், பக்கத்து வீட்டுப் பிள்ளை கூட டார்ச் அடித்து அதை வாசித்துவிடும்.